எண்ணெய் கேனின் பிடிக்குப் பின்னால் ஒரு நோபல் பரிசு, தெரியுமா?

குறிஞ்சிப்பாடி கடைத்தெருவில் அஞ்சு லிட்டர் மல்லாட்டை எண்ணெய் கேன் ஒன்று வாங்கி வந்து திண்ணையில் வைத்தேன். அக்கா மகளுக்கு எட்டு வயசு. கேனைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"மாமா, கேன் கண்ணாடியாட்டம் இருக்கு, பிடி மட்டும் ஏன் செவப்பு?"

"அது தனியா செஞ்சு மாட்டுனது."

"எப்ப மாட்டுனாங்க? கேன் செஞ்ச பிறகா, முன்னாடியா?"

இது ஒரு கேள்வியா என்று, "பிறகுதான்" என்றேன். தப்பு! பக்கவாட்டில் பிடி வைத்த கேன்களில் நிறைய கேன்களுக்குப் பிடி முதலில், கேன் பிறகு. கேன் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே பிடி அச்சுக்குள் போய் உட்கார்ந்து காத்திருக்கும். கேன் ஊதிப் பெருகி வந்து அதைக் கவ்விக்கொள்ளும். உடம்பு முதல், பிடி பின்பு என்று கைப்பிடி போட்டவர்கள் வைத்திருந்த வரிசையைத் தலைகீழாக்கிய சங்கதி இது. அதைத் துருவப் போய்த்தான் இத்தனையும் கிடைத்தது.

ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் பினாயில் கேனோ, வண்டிக்கு ஊற்றும் என்ஜின் ஆயில் டப்பாவோ இருந்தால் எடுத்துவாருங்கள். அதன் பிடி தனியாக மாட்டியதில்லை, உடம்போடு ஒன்றாகப் பிறந்தது. பிடிக்குள்ளும் எண்ணெய் ஓடும். அடியைத் திருப்பிப் பாருங்கள், நடுவே தழும்பு மாதிரி ஒரு கோடு போகும். பிடியின் ஓட்டையைச் சுற்றி உட்பக்கமும் அதே தழும்பு இருக்கும். ஹெச்டிபிஇ என்ற பிளாஸ்டிக்கை உருக்கிக் குழாயாகத் தொங்கவிட்டு, இரண்டு பாதி அச்சால் லபக்கென்று கவ்வி, உள்ளே காற்றை ஊதுகிறார்கள். குழாய் அப்போது கொழகொழவென்று உருகிய நிலையில் இருப்பதால், அச்சு எங்கே நசுக்குகிறதோ அங்கே இரண்டு சுவரும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டுத்தான் தழும்பு. ஒட்டிய இடத்து மிச்சத்தை வெட்டி எறிந்தால் ஓட்டை, ஓட்டையைச் சுற்றிப் பிடி.

இப்போது எண்ணெய் கேனின் அடியைப் பாருங்கள். கோடு இல்லை. நட்டநடுவில் பொட்டு வைத்தது போல ஒரு புள்ளி. கட்டைவிரலால் தடவினாலே தெரியும். இது பெட் பிளாஸ்டிக், இதன் பிறப்பே வேறு. முதலில் சோதனைக்குழாய் மாதிரி கெட்டியான ஒரு குட்டிக் குழாயை வார்க்கிறார்கள். தொழிலில் அதற்குப் பெயர் பிரீஃபார்ம். அந்தப் பொட்டு, உருகிய பெட் அச்சுக்குள் புகுந்த வாசல். கேனின் கழுத்தில் மூடி திருகும் மரை இருக்கிறதே, அது பிரீஃபார்மிலேயே முழு அளவில் வந்துவிடும். அதாவது பிள்ளை பிறக்கும்போதே தலை பெரிய மனுஷன் தலை! உடம்பு மட்டும்தான் பிறகு வளரும்.

எவ்வளவு வளரும் தெரியுமா? பரப்பில் சுமார் பத்து மடங்கு. குழாயை விளக்குகளின் சூட்டில் 100 டிகிரியை ஒட்டிக் காய்ச்சி, உள்ளே ஒரு கம்பியை இறக்கி நெடுக்காக நீட்டி, அதே மூச்சில் காற்றை ஊதி அகலமாக்குகிறார்கள். காற்று என்றால் சாதாரணக் காற்றா? 25 முதல் 40 பார் வரை. கார் டயரில் அடைக்கும் அழுத்தத்தைப் போல் பத்து மடங்குக்குக் குறையாது. எல்லாம் சில நொடிகள்தான்.

குறிஞ்சிப்பாடி தறிக்கார ஊர். இங்கே பாவு, ஊடை என்றால் குழந்தைக்கும் புரியும். பெட் பாட்டிலின் பலமும் அதே சூட்சுமம்தான். நெடுக்கே இழுத்தபோது மூலக்கூறுகள் பாவு போல நீண்டு நிற்கின்றன, அகலத்தில் ஊதியபோது ஊடை போல விரிகின்றன. அரை மில்லிமீட்டருக்கும் மெலிசான சுவர் நாலரை கிலோ எண்ணெயைத் தாங்குவது இதனால்தான். (அஞ்சு லிட்டர் எண்ணெய் அஞ்சு கிலோ இல்லை, சுமார் 4.55 கிலோ. எண்ணெய் தண்ணீரை விட லேசு. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் லேபிளைப் படித்துவிடுங்கள்.)

ஆனால் இந்தப் பலத்துக்கு ஒரு விலை உண்டு. 100 டிகிரியில் பெட் உருகுவதில்லை, இளகத்தான் செய்யும். உருகுவதற்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும். உருகாத சுவரை அச்சால் எவ்வளவு நசுக்கினாலும் ஒன்றோடொன்று ஒட்டாது. ஒட்டாவிட்டால் ஓட்டை இல்லை; ஓட்டை இல்லாவிட்டால் பிடி ஏது? நீட்டி ஊதும் பாட்டிலுக்குக் கூடப்பிறந்த பிடி அமைவது அதனால்தான் அத்தனை கஷ்டம். உலகம் முழுக்கப் பெரிய பெட் கேன்களுக்குத் தனிப்பிடி தேவைப்பட்ட கதை இவ்வளவுதான்.

பிடிக்காகப் பேசாமல் பினாயில் கேன் பிளாஸ்டிக்கிலேயே எண்ணெயை ஊற்றலாமே என்கிறீர்களா? ஊற்றலாம். ஆனால் ஹெச்டிபிஇ பாலாடை போல மங்கலாகத்தான் இருக்கும், எண்ணெயின் நிறம் தெரியாது. காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் அது பெட்டை விட அதிகமாக உள்ளே விடும், எண்ணெய் சீக்கிரம் காறல் வாடை அடிக்கும். நம் ஆட்களும் கேனை வெயிலில் தூக்கிப் பிடித்து, அந்தப் பக்கம் நிற்கும் ஆளின் முகம் தெரிந்தால்தான் வாங்குவார்கள்.

பிடியை மாட்டுவதிலும் இரண்டு குடும்பம் உண்டு. ஒன்று கழுத்தில் வளையமாகப் போட்டு, மேலே மடங்கி நிற்கும் பிடி. தூக்கிக்கொண்டு நடக்க அருமையானது. பாரம் நேராகக் கீழே தொங்கும். ஊற்றும்போதுதான் கை கோணிக்கொள்ளும். இன்னொன்று, பக்கவாட்டில் கேனின் இடுப்புப் பள்ளத்தில் புதைந்திருக்கும் பிடி. தோசைக்கல்லுக்கு அளவாகச் சாய்க்க அதுதான் தோது. அச்சுக்குள் முன்கூட்டியே போய் உட்காருவது இந்த ரகம்தான். அதன் முனைகளைப் பாருங்கள், தச்சர் மரத்தில் போடும் பொருத்து மாதிரி உட்பக்கம் அகன்றிருக்கும். ஊதிப் பெருகும் சுவர் அந்த அகலத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டால் பிறகு வெளியே உருவ முடியாது. பாட்டில் ஆன பிறகு பள்ளத்தில் அழுத்திக் 'கடக்' என்று மாட்டுகிற வகையும் இருக்கிறது. ஒருமுறை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும்போது அப்படி ஒன்று கழன்று, பிடி என் கையில், கேன் சாக்கடை ஓரத்தில். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்.

சரி, பிடியை முதலில் போட்டார்களா பின்னால் போட்டார்களா என்ற கேள்விக்கு எவ்வளவு வயசு தெரியுமா? குறைந்தது ரெண்டாயிரம். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில், அரியாங்குப்பம் ஆற்றோரம் இருக்கிறது அரிக்கமேடு. ரோமானியர்களின் மதுவும் ஆலிவ் எண்ணெயும் கப்பலில் வந்து இறங்கிய இடம். வந்தது ஆம்போரா என்ற மண்சாடியில். உடம்பை முதலில் வனைந்து, அது பாதி காய்ந்து இறுகும் பதத்தில், தனியே உருட்டி வைத்த இரண்டு காதுகளை ஈரக் களிமண் பூசி ஒட்டுவார்கள். அசல் தனிப்பிடி! அந்தக் கிரேக்கச் சொல்லுக்கே 'இருபக்கமும் தூக்குவது' என்றுதான் பொருள். சாடிக்குப் பெயர் கொடுத்ததே பிடிதான்.

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. 1944இல் மார்ட்டிமர் வீலர் என்ற தொல்லியல் தலைமை இயக்குநர் சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு அலமாரிக்குள் கையை விட்டபோது அகப்பட்டது ஓர் ஆம்போராவின் கழுத்தும் நீளக் கைப்பிடியும். மத்தியதரைக் கடல் ஊர்ச் சாமான் இங்கே எப்படி வந்தது? எங்கே கிடைத்தது என்று விசாரித்தார். அரிக்கமேடு என்றார்கள். மறு வருஷமே, 1945இல், அங்கே தோண்ட ஆரம்பித்துவிட்டார். ரோமோடு நாம் செய்த வியாபாரத்தைத் துலக்கிய அந்த அகழாய்வுக்குத் துப்புக் கொடுத்தது, சாடியில் ஒட்டியிருந்த ஒரு பிடி!

ரோமானியக் கண்ணாடிக்காரர்களும் அப்படியே. குடுவையை ஊதி முடித்த பிறகு, உருகிய கண்ணாடி ஒரு துளி எடுத்து இழுத்து வளைத்துப் பிடியாக ஒட்டினார்கள். குயவர், கண்ணாடி ஊதுபவர் எல்லாருக்கும் உடம்பு முதல், பிடி பின்பு. பெட் மெஷின்தான் அதைத் திருப்பிப் போட்டது. எட்டு வயசுக்காரி சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள்.

நம் குடத்துக்கு ஏன் பிடியே இல்லை என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? மண்குடம் போய்ப் பித்தளை வந்தது, பித்தளை போய்ப் பச்சையும் ஊதாவுமாய்ப் பிளாஸ்டிக் வந்தது. கழுத்து வளைவு மட்டும் மாறவே இல்லை. ஏனென்றால் நம் பெண்களின் இடுப்புத்தான் அதற்குப் பிடி. முழங்கை கழுத்தைச் சுற்றும், இடுப்பு பாரத்தை வாங்கிக்கொள்ளும். ஜெர்மன் ராணுவம் 1930களின் கடைசியில் செய்த பெட்ரோல் கேனுக்கோ மூன்று பிடி! நிறைந்த கேனை ரெண்டு பேர் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடிக்கலாம், காலியான கேனென்றால் ஒரே கையில் ரெண்டைத் தூக்கலாம். யாருக்கு எத்தனை கை, எத்தனை இடுப்பு என்ற கணக்கு பாத்திரத்தில் வந்துவிடுகிறது.

பெட் பிறந்த இடம் எது தெரியுமா? துணிக்கு அச்சடிக்கும் ஒரு கம்பெனி! 1941இல் இங்கிலாந்தின் காலிகோ பிரிண்டர்ஸ் சங்கத்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் உண்டாக்கினார்கள். டெரிலின் சட்டை ஞாபகம் இருக்கிறதா? அதேதான். பாட்டிலும் பாலியஸ்டரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். தறிக்கார ஊரின் திண்ணையில் இந்த கேன் ஏதோ அந்நியன் மாதிரி உட்கார்ந்திருந்ததே!

பாட்டிலாக அதை மாற்றியவர் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி எஞ்சினியர் நதானியல் வைத். சோப்புத் திரவ டப்பா ஒன்றில் இஞ்சிச் சோடாவை ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்தாராம். காலையில் பார்த்தால் டப்பா ஊதிப்போய்த் தட்டுகளுக்கு நடுவே சிக்கிக்கிடந்தது. விடவில்லை மனுஷன். 1973இல் பெட் பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இவருடைய தம்பிதான் புகழ்பெற்ற ஓவியர் ஆண்ட்ரூ வைத்.

ஆனால் வைத்துக்கும் நோபல் இல்லை, வின்ஃபீல்டுக்கும் இல்லை. யாருக்கு உண்டு? பிடிக்கு! சிவப்புப் பிடி பெரும்பாலும் ஹெச்டிபிஇ அல்லது பாலிபுரோப்பிலீன். அந்த இரண்டு பிளாஸ்டிக்குக்கும் வழி திறந்த ஜெர்மானியர் கார்ல் சீக்லரும் இத்தாலிக்காரர் ஜூலியோ நாட்டாவும் 1963இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். அஞ்சு லிட்டர் கேனில் பரிசு வாங்கிய பாகம், நாம் கண்டுகொள்ளாத அந்தத் துண்டுதான்.

நம் கடலூர்க் காற்றின் ஈரம் இந்தத் தொழிலுக்கு எவ்வளவு விரோதம் என்று தெரியுமா? பெட் குருணையை உருக்குமுன் மணிக்கணக்கில் சூடான வறட்டுக் காற்றில் உலர்த்தியாக வேண்டும். மிஞ்சலாம் என்று விடும் ஈரம் ஒரு டன்னுக்கு 50 கிராம் வரைதான். அதாவது கால் டம்ளர் தண்ணீர்! அதற்கு மேல் போனால் உருக்கும் சூட்டில் தண்ணீர் மூலக்கூறு சங்கிலியை அறுத்துவிடும், பாட்டில் பலமிழக்கும். வார்த்த குழாயையும் சட்டென்று குளிர்விக்க வேண்டும். ஆறப்போட்டால் பால் மாதிரி வெளுத்துவிடும். வடகத்தைக் காயவைப்பதிலும் இத்தனை பத்தியம் கிடையாது.

கடைசியில் எண்ணெய் தீர்ந்தது. கேனும் பிடியும் பிரிகிற நேரம். காயலாங்கடை அண்ணனிடம் போடுமுன் கேனில் ஒரு துண்டும் பிடியில் ஒரு துண்டும் கத்தரித்து ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டோம். ரெண்டும் மிதந்தன! "மாமா பொய்யி" என்றாள். விரலால் அழுத்தி, ஒட்டியிருந்த காற்றுக் குமிழை விரட்டச் சொன்னேன். கேன் துண்டு விறுவிறுவென்று அடிக்குப் போய்ப் படுத்தது. பிடித் துண்டை அழுத்த அழுத்த அது மேலே வந்தது. பெட்டின் அடர்த்தி 1.38, ஹெச்டிபிஇ 0.95, பாலிபுரோப்பிலீன் 0.90. மறுசுழற்சி ஆலைகளின் பெரிய தொட்டிகளிலும் நடப்பது இதே சொம்பு வித்தைதான். கேன் முழுகும், மூடியும் பிடியும் மிதக்கும், மிதப்பதை வழித்து வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

இந்த வித்தை பலிக்காத ஒரு வில்லன் பிவிசி. அதன் அடர்த்தி சுமார் 1.4. பெட்டோடு சேர்ந்து அதுவும் முழுகும். கொஞ்சம் கலந்தாலும் பெட் உருகும் சூட்டில் கருகி, அமில ஆவியைக் கக்கி, சரக்கைக் கறுப்பாக்கிவிடும். கடலூர் சிப்காட்டில் பைப்புகளுக்காக டன் டன்னாகத் தயாராவது அதே பிவிசிதான். பைப்பாக இருக்கும்வரை தங்கம், பெட்டோடு கலந்தால் ஆபத்து.

முழுகிய பெட் துண்டுகள் என்ன ஆகும்? மறுபடி நூல்! 2023 பிப்ரவரி 8 அன்று பிரதமர் நாடாளுமன்றத்துக்கு நீல நிற அரைக்கோட்டு ஒன்றைப் போட்டு வந்தாரே, அந்தத் துணி பெட் பாட்டிலிலிருந்து வந்தது. செய்தது எந்த ஊர்? நம் கரூர். ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் என்ற நிறுவனம். அந்தத் துணியை அறிமுகப்படுத்திய இந்தியன் ஆயில், அதில் தைக்கும் சீருடை ஒன்றுக்குச் சுமார் 28 பழைய பாட்டில் போகும் என்று கணக்குச் சொன்னது.

இதைச் சொன்னதும் அக்கா மகள் கேட்டாள்: "அப்ப அந்தக் கோட்டுல பிடி இருக்காதா?"

இருக்காது. பிடி மேலேயே மிதந்துவிடும். எங்கள் கேனின் பிடி அந்தத் தொட்டிக்குக்கூடப் போகவில்லை. துண்டு வெட்டியது போக மிச்சத்தை அக்கா கொல்லையில் கிணற்று வாளியின் கம்பியில் கொச்சைக்கயிற்றால் கட்டிவிட்டாள், கம்பி உள்ளங்கையை அறுக்கிறதாம்.