உடல்நலம் காக்கும் சுயதொழில்

திருவண்ணாமலையில் பெளர்ணமிதோறும் பெண்கள் பலர் 14 கி.மீ. கிரிவலம் வருகின்றனர். ஆனால், மாதத்தில் ஒருநாள் நடை உடல்நலத்துக்குப் போதாது. தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21), தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ, உடல் பருமனோ உடையவர்கள். பெண் ஒருவர் உடற்பயிற்சி கற்பிப்பதைச் சுயதொழிலாக மேற்கொள்ள இத்தேவையே அடிப்படை.

குளிர்காலத்தில் வந்து செல்லும் வெளிநாட்டினரை மட்டும் நம்பினால் ஆண்டு முழுவதும் வருவாய் கிடைக்காது. உள்ளூர்ப் பெண்களே நிலையான பலம். வாடகைக் கட்டடத்தைவிட வீட்டு மொட்டைமாடியில் தொடங்குவது சுமையைக் குறைக்கும். ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றளிப்பு வாரியத் தேர்வு நம்பகத்தன்மை தரும். முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் ரூ.50,000 வரை பிணையின்றிக் கடன் பெறலாம்.

கோவை நானம்மாள் 90 வயதைக் கடந்தும் யோகா கற்பித்து, 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கற்பவரோடு கற்பிப்பவரின் உடலையும் காக்கும் இத்தொழிலுக்கு வயது தடையன்று.