பேட்டரி கேபிள் பூத்துப்போனால்

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுபோனது. அதே வருடம் மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடருக்கும் மங்களம் பாடிவிட்டார்கள். இன்று நம் தெருக்களில் ஓடும் இந்த இரண்டு ரக வண்டிகளில் கடைக்குட்டிக்கே பத்து வயது தாண்டியாயிற்று. வைத்திருப்பவர்கள் டயர் மாற்றுகிறார்கள், பிளக் மாற்றுகிறார்கள், மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பேட்டரியும் மாற்றுகிறார்கள். பேட்டரியிலிருந்து கிளம்பும் இரண்டு தடித்த கேபிள்களைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. பல வண்டிகளில் கம்பெனியில் போட்ட கேபிளே இன்னும் இருக்கும். ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. "பேட்டரி போச்சு சார்" என்று தீர்ப்பும் வந்துவிடும். பாதி வழக்குகளில் குற்றவாளி வேறு என்பது என் எண்ணம்.

காரில் மின்சாரத்துக்கு அலைகிற உறுப்புகளில் செல்ஃப் மோட்டாருக்குத்தான் அகோரப் பசி. ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து எரிய ஏறக்குறைய 10 ஆம்பியர் போதும். மாருதி 800-இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இஞ்சினைச் சுற்றிவிட 100 ஆம்பியர் அளவுக்கு வேண்டும். அசையாமல் நிற்கும் மோட்டார் திரும்பத் தொடங்கும் முதல் கணத்தில் இன்னும் பல மடங்கு இழுக்கும். இவ்வளவும் டெர்மினல் என்கிற அந்தச் சின்னக் காதின் வழியாகத்தான் போய்த் தீர வேண்டும்.

இப்போது அந்த இடத்தில் துரு, உப்பு என்று ஏதோ சேர்ந்து 0.02 ஓம் தடை வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். சாதாரண மல்டிமீட்டரில் நேரடியாக அளக்கவே முடியாத சொற்பத் தடை இது. 10 ஆம்பியர் ஓடும்போது இதனால் போவது 0.2 வோல்ட், ஹெட்லைட் வழக்கம்போல் பளிச்சென்று எரியும். அதே தடையில் 100 ஆம்பியர் ஓட வேண்டுமென்றால் 2 வோல்ட் காணாமல் போகும். செல்ஃப் இழுக்கும்போது பேட்டரியே 10, 10.5 வோல்ட்டுக்கு இறங்கி நிற்கும். அதிலும் இரண்டு போனால் மோட்டார் முனகும், அல்லது சோலனாய்டு மட்டும் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். போன 2 வோல்ட் அந்த மூட்டிலேயே 200 வாட் வெப்பமாகிறது. அதனால்தான் பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் ஐந்து நொடி செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, டெர்மினலைக் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். கை சுட்டால் நோய் அங்கேதான்.

டெர்மினல் ஏன் பூக்கிறது? பேட்டரிக்குள் இருப்பது ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும். சார்ஜ் ஏறும்போது தண்ணீரில் கொஞ்சம் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து குமிழி குமிழியாக வெளியேறுகிறது. குமிழி உடைகையில் கண்ணுக்குத் தெரியாத அமிலத் துளிகளும் கூடவே வருகின்றன. மூடியின் துளை வழியாக வருவது ஒன்று. ஈயக் கம்பம் பிளாஸ்டிக் மூடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் வருடக்கணக்கான அதிர்விலும் இஞ்சின் சூட்டிலும் ஏற்படும் மயிரிழை இடைவெளி வழியாகக் கசிவது இன்னொன்று. டிஸ்டில்ட் வாட்டரை விளிம்பு வரை ஊற்றும் தாராள மனசுக்காரர்களின் பேட்டரி சீக்கிரமே பூக்கும்.

நீர்த்த கந்தக அமிலம் செம்பைத் தொடாது என்று பள்ளியில் படித்திருப்போம். காற்று இல்லாவிட்டால் அது உண்மைதான். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் துணைக்கு வந்தால் செம்பு மெல்ல மெல்லக் கரைந்து காப்பர் சல்பேட் ஆகிறது. டெர்மினலில் நீலமும் பச்சையுமாகப் படிந்திருப்பதில் பெரும்பகுதி அதுதான். நம் விவசாயிகள் சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவையாக்கித் தெளிக்கிறார்களே, அந்த மயில்துத்தமேதான். கூடவே இருக்கும் வெள்ளைத் தூள் ஈய சல்பேட். நீலத்தைவிட இந்த வெள்ளையிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஈயம் உடம்புக்குள் போனால் லேசில் வெளியே வராது. காய்ந்த தூளைத் தேய்த்துப் பறக்கவிடுவது, வாயால் ஊதுவது எல்லாம் கூடவே கூடாது.

நம் ஊர் வைத்தியம் வெந்நீர். ஒரு சொம்பு கொதிநீரை ஊற்றினால் நீலம் கரைந்து ஓடிவிடும், வண்டியும் ஸ்டார்ட் ஆகிவிடும். பலருக்கு விஷயம் அதோடு முடிந்தது. உண்மையில் வியாதி அப்போது கேபிளுக்குள் இறங்கியிருக்கும். கேபிள் என்பது ஒற்றைக் கம்பி அல்ல. நூற்றுக்கணக்கான மெல்லிய செம்பு இழைகளின் புரி. இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளியில் அமிலம், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, ரப்பர் உறைக்கு அடியிலேயே ஊர்ந்து போகிறது. வெந்நீர் அங்கே எட்டாது.

கழற்றிப்போட்ட பழைய கேபிள் ஒன்று கிடைத்தால் பிளேடால் உறையைக் கீறிப் பாருங்கள். டெர்மினலை ஒட்டி முதல் ஒரு அங்குலத்தில் இழை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. விரலில் ஒட்டும் பச்சைப் பொடியும் கருகிய நார்களும்தான். இன்னும் கொஞ்சம் தள்ளிக் கீறினால் இழைகள் முழுதாக இருக்கும், ஆனால் நிறம் கறுத்திருக்கும். அரை அடி தாண்டியபின் பளபளவென்று புதுச் செம்பு. வெளியே உறை நன்றாகவே இருந்திருக்கும். கவனித்துப் பார்த்தால், டெர்மினல் பக்கம் உறை சற்று உப்பியிருக்கும். வளைத்தால் மெதுவாக வளையாமல் விறைத்து, நறநறவென்று சத்தம் கொடுக்கும். இந்த இரண்டு அடையாளமும் போதும், கேபிள் ஆயுள் முடிந்தது.

கண்ணை நம்பாதவர்களுக்கு மல்டிமீட்டர் இருக்கிறது. கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். இஞ்சின் ஓடிவிடாதபடி இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிடுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள். டெர்மினல் கவ்வியில் வைத்தால் அளப்பதில் அர்த்தமில்லை. மறுமுனை செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டில். ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்துபோகும் வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. அடுத்து நெகட்டிவ் கம்பத்துக்கும் இஞ்சினின் வெறும் உலோகத்துக்கும் நடுவே அதே சோதனை, இங்கே 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

இந்த இரண்டாவது சோதனையை ஒர்க்‌ஷாப்களில் பெரும்பாலும் செய்வதில்லை. இஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங்கில்; ரப்பரில் மின்சாரம் ஓடாது. செல்ஃபுக்குப் போன அத்தனை ஆம்பியரும் பேட்டரிக்குத் திரும்ப ஒரு எர்த் கேபிள்தான் வழி. அது அற்றுப்போனால் மின்சாரம் சும்மா இருக்காது. இஞ்சினையும் பாடியையும் இணைக்கும் வேறு உலோகம் எது என்று தேடும். பழைய வண்டிகளில் அது ஆக்சிலரேட்டர் கேபிள் அல்லது கிளட்ச் கேபிள். காலால் மிதிக்கிற கேபிள் திடீரென்று சூடாகிப் புகைவதும், உள்ளே உருகிப்போய் இறுகிக்கொள்வதும் இதனால்தான். கிளட்ச் கேபிளை மட்டும் மாற்றிக் காசு வாங்குகிற மெக்கானிக் அடுத்த மாதமும் அதையே மாற்றுவார்.

கேபிள் மாற்றுவது பெரிய வித்தை அல்ல; பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வரிசைதான் முக்கியம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது அது கடைசியில். வண்டியின் பாடி முழுக்க நெகட்டிவ். அது இணைப்பில் இருக்கும்போது பாசிட்டிவைக் கழற்றினால், ஸ்பேனரின் மறுமுனை பானெட்டிலோ ஃபெண்டரிலோ பட்ட கணத்தில் ஷார்ட் ஆகி ஸ்பேனரே பழுக்கும். சார்ஜ் ஏறிய பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் நிற்கும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு இருந்தாலே பற்றிக்கொள்ளும். ஒரு பொறி போதும். மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். மாரிஸ் மைனர் மாதிரி பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அவற்றில் பாசிட்டிவ்தான் பாடியில் இருக்கும். கூட்டல், கழித்தல் குறியைப் பார்க்காமல், எது பாடிக்குப் போகிறதோ அதை முதலில் கழற்ற வேண்டும்.

டெர்மினல் கவ்வி வராமல் அடம்பிடித்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். ஈயக் கம்பம் ஆடிவிட்டால் பேட்டரி குப்பைக்குத்தான். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். அமிலம் இருக்கிற வரை பொங்கும், தீர்ந்ததும் அடங்கும். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சோடா உள்ளே போனால் பேட்டரியின் அமிலமும் வீணாகும். பேட்டரியைத் தூக்கிவிட்டு அடியிலுள்ள தட்டையும் பாருங்கள். அது அமிலம் குடித்துப் பொத்தலாகியிருப்பதும் உண்டு.

புதுக் கேபிள் வாங்கும்போதுதான் ஏமாறுவோம். சென்னையில் ஜி.பி. ரோடு போனால் எல்லா வண்டிக்கும் கேபிள் கிடைக்கும். எல்லாக் கேபிளும் கேபிள் அல்ல. தடித்த உறைக்குள் ஒல்லியான செம்பு வைத்து விற்பது ஒரு தந்திரம். இன்னொன்று, அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசி விற்பது. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் திறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அமிலம் பட்டால் இன்னும் வேகமாகப் பொடியும். வெட்டிய முனையில் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்துவிடும். சிறிய பெட்ரோல் கார்களுக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் தாராளம். சரியான 25 சதுர மில்லிமீட்டர் கேபிளில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 100 ஆம்பியர் ஓடினாலும் இழப்பு 0.07 வோல்ட்தான். டீசல் வண்டிக்கு இன்னும் தடிமன் வேண்டும்.

கெட்ட ஒரு அங்குலத்தை வெட்டிவிட்டு, போல்ட் போட்டு இறுக்கும் புது டெர்மினல் மாட்டித் தருவார்கள். வழியில் மாட்டிக்கொண்டால் சரி, வீடு வந்து சேரலாம். நிரந்தர வைத்தியமாக அதை ஏற்க மாட்டேன். திறந்த இழைகள் மறுபடி அமிலத்தைக் குடிக்கும். கேபிள் முனையில் மாட்டும் 'லக்' என்கிற உலோகக் காதை நல்ல கிரிம்பிங் கருவியால் நசுக்கி, மேலே பசை உள்ள ஸ்லீவைச் சூடாக்கி ஒட்டவைத்த கேபிளே மேல். பாடியில் எர்த் மாட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் தெரிந்தபிறகு மாட்டுங்கள். வாசலின் தடவுவது நல்லதே. இறுக்கிய பிறகு தடவ வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் வண்டியை ஓடவிட்டு பேட்டரியில் வோல்ட் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் நல்லது. 15-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரி அளவுக்கு மீறிக் கொதிக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் எத்தனை கேபிள் மாற்றினாலும் சில மாதங்களில் பூக்கத்தான் செய்யும்.