சிலம்பம் கற்கச் சேரும் பிள்ளைக்கு முதலில் கம்பு ஏன் தருவதில்லை?

ரப்பர்க் காலத்துத் தோட்டங்களில் திருவிழா என்றால் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் சிலம்பம் சுழலும். பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டார மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களோடு வந்த கலை அது. அங்கே மூங்கில் கம்பும் உண்டு, பிரம்பும் உண்டு. இங்கே பெரும்பாலும் ரோத்தான்தான்.

இன்று பிள்ளையைச் சிலம்ப வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் பலர், சில வாரங்களில் கம்பு சுழலும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் ஆசான் முதலில் கற்றுத் தருவது வணக்கமும் காலடியும். இதில் சலித்து நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு.

காலடிக்கு முதலிடம் தருவதற்குக் காரணம் இருக்கிறது. நிமிர்ந்து நின்றால் கம்பு நெற்றி அளவுக்கு வரும். அவ்வளவு நீளக் கம்பை மணிக்கட்டு மட்டும் சுழற்றிவிட முடியாது. வீச்சின் பலம் காலிலும் இடுப்பிலும் பிறக்கிறது. அடி மாறி வைத்தால் கம்பு சொந்த முழங்காலிலோ பக்கத்தில் நிற்பவர் மீதோ படும். வணக்கமும் வெறும் சடங்கு அல்ல. கையில் இருப்பது ஆயுதம் என்பதைப் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் நினைவூட்டுகிறது.

காலடி படிந்த பிறகே வீச்சு, தடுப்பு, பிறகு எதிராளியோடு கம்பு விளையாட்டு. மான்கொம்பு, சுருள்வாள் எல்லாம் அதற்கும் பின்னால்தான். உடம்பில் கம்பைத் தொட்டுப் புள்ளி எடுக்கும் போட்டிக்குத் தலைக்கவசம் அவசியம். கோபப்படுகிறவன் அங்கே தோற்பான்.

ஒழுங்கு பிள்ளைக்கு மட்டும் உரியதல்ல. முன்பு லயத்து வீட்டிலிருந்து கோயில் திடலுக்கு நடந்தே போகலாம். தோட்ட மக்கள் தாமான்களுக்குச் சிதறிய பிறகு, வாரந்தோறும் நேரத்துக்குக் கொண்டுபோய் விடுவது பெற்றோரின் பயிற்சி ஆகிவிட்டது. அடி வரிசைகள் பலவும் ஆசானிடமிருந்து மாணவனுக்கு நேராகக் கைமாறி வந்தவை. மூன்று மாதத்தில் பிள்ளை நின்றுவிட்டால் அந்த வரிசையும் அங்கேயே நின்றுவிடும்.

சேர்க்கும் முன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டு அமைப்புகள் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தக் கழகம் பதிவு பெற்றதா? பிள்ளைகளுக்கிடையே கம்பு வீச்சுக்குப் போதிய இடைவெளி உண்டா? முதலுதவிப் பெட்டி இருக்கிறதா? பெண் பிள்ளைகளுக்கும் சமமான பயிற்சி தரப்படுகிறதா?

இந்தக் கலைக்கு இன்று மேடையும் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது.

ஒரு மாதம் கழித்து, "இன்னும் கம்பு சுற்ற விடவில்லை" என்று பிள்ளை குறைப்பட்டால், வகுப்பை மாற்ற அவசரப்பட வேண்டாம். கற்ற காலடியை வீட்டு வாசலில் செய்து காட்டச் சொல்லுங்கள். தடுமாறாமல் செய்தால், பிள்ளை சரியான இடத்தில்தான் படிக்கிறது.