கொரிய மாணவரின் பகலும் இரவும்

தென் கொரியாவில் வருஷந்தோறும் நவம்பர் மாதத்து வியாழக்கிழமையொன்றில், மத்தியானம் சுமார் 35 நிமிஷ நேரம் ஆகாய விமானம் எதுவும் கிளம்புவதுமில்லை, இறங்குவதுமில்லை. யுத்த பயமோ? அன்று, அரச துக்கமோ? அதுவுமன்று. சர்வகலாசாலைப் பிரவேசப் பரீக்ஷையில் மாணவர்கள் இங்கிலீஷ் வாசகங்களைக் காதாற் கேட்டு விடையளிக்கும் வேளை அது. அன்று காலையில் சர்க்கார் ஆபீஸுகளும் பங்கு மார்க்கெட்டும் ஒரு மணி நேரம் தாமதித்தே திறக்கின்றன. நேரங்கழித்துப் புறப்பட்ட பிள்ளையைப் போலீஸார் தம் வண்டியிலேற்றிப் பரீக்ஷை மண்டபத்தில் கொண்டு சேர்க்கின்றனர். சுமார் 5 லக்ஷம் பேர் எழுதும் இப்பரீக்ஷையின்பொருட்டு ஒரு தேசமே மூச்சடக்கி நிற்பதை மெச்சாதார் யார்? நாமும் மெச்சுகிறோம். ஆயினும், அந்த ஒரு தினத்துக்காக மற்றைத் தினங்களெல்லாம் எவ்வாறு கழிகின்றன என்பதையும் விசாரிப்பது நமது கடமையாகும்.

அந்நாட்டில் பள்ளி வருஷம் மார்ச் மாதத்தில் ஆரம்பமாகிறது. ஆரம்பப் பள்ளியில் 6 வருஷம், நடுத்தரப் பள்ளியில் 3, உயர்தரப் பள்ளியில் 3. உயர்தரப் பள்ளியில் பாடம் ஒன்றுக்கு 50 நிமிஷம். வகுப்பறையைப் பெருக்கித் துடைப்பதற்கு வேலையாளை எதிர்பாராமல் மாணவர்களே முறை வைத்துச் செய்வது நெடுநாளைய வழக்கம். மத்தியானத்தில் சோறும், ரஸமும், 'கிம்ச்சி' என்னும் ஊறிய காய்கறியும் செல்வர் பிள்ளைக்கும் ஏழை பிள்ளைக்கும் ஒரே பந்தியில் இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லோருக்கும் இலவசம் கூடாதென்று வாதித்த ஸியோல் நகர மேயர், 2011-ம் வருஷம் தாம் நடத்திய ஜனவாக்கெடுப்புக்கு வேண்டிய அளவு ஜனங்கள் வராமையால் பதவியையே ராஜிநாமாச் செய்தார். சமத்துவத்தைப் பற்றிய பிரசங்கம் நூறு கேட்பதினும், சமமாக உட்கார்ந்து ஒரு வேளை உண்பது பெரும் படிப்பன்றோ?

இவ்வளவும் பகலின் கதை. பள்ளிக்கூடத்து மணி அடித்த பின்னரே இரவின் கதை தொடங்குகிறது. 'ஹாக்வொன்' எனப்படும் தனியார் பாடசாலைகளுக்குப் பிள்ளைகள் சாரிசாரியாகச் செல்கின்றனர். 2023-ம் வருஷத்துச் சர்க்கார் கணக்கின்படி, மாணவர்களில் 100-க்கு 78 பேருக்கு மேல் இவ்வாறு தனிப்படிப்புப் பெற்றனர். பெற்றோர் இதற்குச் செலவிட்ட தொகை சுமார் 27 லக்ஷம் கோடி 'வொன்'. நான்கு மணி நேரம் தூங்குபவன் தேறுவான், ஐந்து மணி தூங்குபவன் தவறுவான் என்று அங்கே ஒரு வசனமுண்டு. பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லத்தக்க வசனமா இது?

சட்டம் இதைத் தடுக்க முயலாமலில்லை. 1980-ல் ராணுவ ஆட்சி தனிப்படிப்பை அடியோடு தடை செய்தது. தன் பிள்ளைக்குக் கல்வியளிக்கும் பெற்றோரின் உரிமையை அது அளவுமீறிக் குறைக்கிறதென்று 2000-ல் அரசியலமைப்புக் கோர்ட் அத்தடையைத் தள்ளிற்று. பின்னர், இரவு 10 மணிக்கு மேல் பாடம் நடத்தலாகாதென்று ஸியோல் நகரம் செய்த விதியை 2009-ல் அதே கோர்ட் செல்லுமெனத் தீர்த்தது. இரண்டு தீர்ப்புகளும் நியாயமானவை என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் பாடசாலையின் கதவைப் பத்து மணிக்குச் சாத்தும் விதி, பெற்றோர் மனத்திலுள்ள பயத்தைச் சாத்த வல்லதன்று.

இப்பிள்ளைகளின் முன்னோர் யாவர் என்பதை நினைக்குங்கால் நமது வருத்தம் அதிகமாகிறது. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானியர் ஆட்சியிலிருந்தது. முதற் பத்து வருஷங்களில் உபாத்தியாயர்கள் இடுப்பில் வாள் தரித்து வகுப்புக்கு வந்தனர். 1938-ல் தாய்ப்பாஷை கட்டாயப் பாடமென்னும் நிலையையும் இழந்தது. 1929-ம் வருஷம் நாஜு ரயில் நிலையத்தில் ஜப்பானிய மாணவர் சிலர் கொரிய மாணவிகளை அவமதித்ததிலிருந்து மூண்ட கிளர்ச்சி, நவம்பர் 3-ந் தேதி குவாங்ஜு நகரில் வெடித்துத் தேசமெங்கும் பள்ளிகளிற் பரவிற்று. அத்தினத்தை இன்றும் மாணவர் தினமாகக் கொண்டாடுகின்றனர். இன்று அந்நாட்டில் பாடங்களெல்லாம் தாய்ப்பாஷையில், 1446-ல் ஸேஜோங் மன்னர் வெளியிட்ட சொந்த எழுத்தில் நடக்கின்றன. அடிமை நாளில் மாணவர் சிறை புகுந்து கேட்டது இதுவே.

அவ்வாறு மீட்ட பள்ளிக்கூடத்தில் பிள்ளை தன் பொழுதை இழப்பானேன்? பெயர்பெற்ற சில சர்வகலாசாலைகளின் வாயில் வழியேதான் நல்ல உத்தியோகமும் மதிப்பும் கிடைக்குமென்று ஊரார் நம்பும்வரை, அவ்வாயிலில் நெருக்கடி குறையாது. குற்றம் பிள்ளையினதன்று, உபாத்தியாயருடையதுமன்று. கௌரவமான ஜீவனத்துக்கு ஒரே வழியை வைத்திருக்கும் சமூகத்தினுடையது. வழிகளைப் பலவாக்கினாலன்றி, வேறு எவ்விதச் சட்டத்தாலும் முழுப்பயன் விளையாது.

அந்நியன் பறித்த பாஷையை மீட்கத் தெரிந்த ஜனங்களுக்கு, தாமே பறித்துக்கொண்ட மாலைப்பொழுதைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்கவும் தெரியும் என்றே நம்புகிறோம்.