சிறுவன் கைக்கேற்ற துடுப்பு

பொத்துவிலில் என்னிடம் பயிலும் மாணவன் ஒருவன் சென்ற மாதம் புதுத் துடுப்பொன்றைச் சுமந்து வந்தான். "அடுத்த வருசம் வளந்திருவாய் எண்டு வாப்பா பெரிசா வாங்கித் தந்தார், சேர்" என்றான்.

சட்டைக்குப் பொருந்தும் அந்த நியாயம் துடுப்புக்குப் பொருந்தாது. பாரம் மிகுந்தால் மேற்கை தளரும், கீழ்க்கை முந்தும், பந்து வானில் எழும்பும். அப்பழக்கம் பின்னர் எளிதில் நீங்காது. ஆட்டவிதிகள் துடுப்பின் நீளத்தை 38 அங்குலத்துக்கும் அகலத்தை 4¼ அங்குலத்துக்கும் மேற்படாது வரையறுத்துள்ளன. நிறைக்கோ வரம்பு கூறவில்லை. அதனைப் பெற்றோரே வகுத்தல் வேண்டும். மேற்கையால் மட்டும் பிடித்து முன்னே நீட்டச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் முனை தாழ்ந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

ஆங்கில வில்லோ மென்மையும் துள்ளலும் உடையது. விலையோ மிக அதிகம். காஷ்மீர வில்லோ சற்றுக் கடினமானது, பாரமானது; ஆயினும் தொடக்கக்காரனுக்கு அது போதும். கடற்கரையில் மென்பந்து ஆடும் பையனுக்கு ஆங்கில வில்லோ வீண்செலவே. தோற்பந்தாயின் ஆளிவிதை எண்ணெயை மெல்லப் பூசி, மரச்சுத்தியலால் பலமணி நேரம் தட்டிப் பதப்படுத்தல் வேண்டும். ஈரமணலில் முனையை ஊன்றி நிற்பது நம்மூர்ப் பிள்ளைகளின் வழக்கம். ஈரம் ஏறிய முனை வீங்கிப் பிளந்துவிடும்.

அப்பெரிய துடுப்பு இப்போது தமையனிடம் இருக்கிறது. இவனுக்குச் சிறியதொன்று வந்துவிட்டது.