மேற்சபை நமக்கு என்ன செய்தது?

பாராளுமன்றம் என்றால் இன்று நமக்குத் தெரிவது ஒரே சபைதான். மொத்தம் 225 பேர். 196 பேர் மாவட்ட வாக்குகளால் வருகிறார்கள், 29 பேர் தேசியப் பட்டியலில். ஆனால் 1947 முதல் 1971 வரை இந்த நாட்டில் இரண்டு சபைகள் இருந்தன. இளம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது.

கீழ்ச்சபைக்குப் பிரதிநிதிகள் சபை என்று பேர். தொடக்கத்தில் 101 பேர். 95 பேரை மக்கள் தெரிவு செய்தார்கள், 6 பேரை மகாதேசாதிபதி நியமித்தார். மேற்சபை செனற் சபை. அதில் 30 பேர். 1947 தேர்தலில் வல்வெட்டித்துறையில் கடலுக்குப் போனவரும் வாக்குப் போட்டார், மலையில் கொழுந்து பறித்த நம் பாட்டிமாரில் பலரும் போட்டார்கள். ஆனால் அந்த வாக்கு கீழ்ச்சபையோடு சரி. செனற்றர்களில் 15 பேரைக் கீழ்ச்சபை உறுப்பினர்களே தெரிவு செய்தார்கள். மற்ற 15 பேர் பிரதமரின் ஆலோசனைப்படி நியமிக்கப்பட்டவர்கள். பதவிக்காலம் 6 வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் விலகுவார்கள்.

கீழ்ச்சபை அவசரப்பட்டால் நிதானமாகப் பார்க்கவும், சிறுபான்மையினருக்கு வேலியாக நிற்கவும் இந்தச் சபை என்றார்கள். வேலி நின்றதா? 1947ல் இலங்கை இந்திய காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான் வந்தார். அடுத்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, இரண்டு சபைகளையும் தாண்டிவிட்டது. செனற் எப்படித் தடுக்கும்? பாதிப்பேர் பிரதமர் சொல்லி வந்தவர்கள், மீதிப்பேரிலும் ஆளுங்கட்சிக்குப் பங்கு உண்டு. எதிர்த்திருந்தாலும் தாமதப்படுத்தத்தான் முடியும். பணச் சட்டமூலம் என்றால் ஒரே மாதம். 1952 தேர்தலில் வல்வெட்டித்துறையில் வாக்கு இருந்தது. லயத்தில் பெரும்பாலானோருக்கு இல்லை. அந்த 7ல் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

செனற் 1971 ஒக்டோபர் 2ஆம் திகதி ஒழிக்கப்பட்டது. நம்மவர்கள் அதற்காக அழுதிருப்பார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை.

இந்தியாவில் முறை வேறு. அங்கே ராஜ்யசபைக்குப் பெரும்பாலானோரை மாநிலச் சட்டசபை உறுப்பினர்கள் தெரிவு செய்கிறார்கள். 12 பேரை மட்டும் ஜனாதிபதி நியமிக்கிறார். அதனால் டில்லியில் மாநிலங்களுக்கு ஒரு குரல் உண்டு. நம் நாட்டிலும் 2017ல் வெளிவந்த அரசியலமைப்பு இடைக்கால அறிக்கை இதே போக்கில் ஒரு யோசனை சொன்னது: 55 பேர் கொண்ட இரண்டாம் சபை, மாகாணத்துக்கு 5 பேர் வீதம் 45 பேர், மீதி 10 பேரைப் பாராளுமன்றம் தெரிவு செய்யும். வடக்குக்கு 5, மத்திய மாகாணத்துக்கு 5, ஊவாவுக்கு 5. யோசனை நடைமுறைக்கு வரவில்லை. மறுபடி யாராவது இந்தப் பேச்சை எடுத்தால், மத்திய மாகாணத்தின் அந்த ஐந்து பேரில் லயத்திலிருந்து எத்தனை பேர் என்று நாம் முதலில் கேட்க வேண்டும்.