வாரம் ஒருநாள் வருபவரும் தினமும் நிற்பவரும்

"ஸ்பெஷல் டீச்சர் வரும்போது பார்த்துக்கொள்வார்." மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையின் அம்மாவிடம் பல பள்ளிகளில் இப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள். சொன்னவர் கெட்டவர் இல்லை. அவர் பொறுப்பில் ஒரு வகுப்பே இருக்கிறது. ஆனாலும் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது என்பது என் எண்ணம். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்பெஷல் டீச்சர் யார், அவர் வராத நாட்களில் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்று நிதானமாகப் பார்ப்போம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு வரும் சிறப்புப் பயிற்றுநர் பெரும்பாலும் ஒரே பள்ளிக்கு உரியவர் இல்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ், வட்டார வள மையத்தில் இருந்துகொண்டு பல பள்ளிகளுக்குப் போய்வருபவர். நடக்கவே முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கும் அவர்தான் போக வேண்டும். மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்குப் பிள்ளைகளை அழைத்துவருவது, தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பம் போடுவது, காதொலிக் கருவியும் சக்கர நாற்காலியும் வந்து சேர்ந்தனவா என்று பார்ப்பது என வேலை நீள்கிறது. இவ்வளவையும் பலர் தொகுப்பூதியத்தில்தான் செய்கிறார்கள். அதே மையத்தில் இயன்முறை சிகிச்சை அளிப்பவரும் இருப்பார். இத்தனை உதவியும் இலவசம் என்பது இன்னும் பல பெற்றோருக்குத் தெரியாது.

ஆரம்ப வகுப்புகளில் சிறப்புக் கவனம் தேவைப்படும் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் உள்ள வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது. அந்த அளவு எட்டப்பட்டாலும் வகுப்பாசிரியரின் பொறுப்பு குறையாது. சிறப்புப் பயிற்றுநர் வாரம் ஒருநாள் வருகிறார் என்றே வைத்துக்கொள்வோம். மீதி நான்கு நாளும் அந்தப் பிள்ளை வகுப்பாசிரியரின் கண்முன்னால்தான் இருக்கிறது. முதலில் கவனிக்கக்கூடியவரும் அவர்தான்.

சட்டமும் அப்படித்தான் நினைக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அப்போதுதான் பட்டியலில் ஏறின. கற்றல் குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டறிய வேண்டும் என்று அதன் 16-ம் பிரிவு பள்ளிகளுக்குக் கடமை விதிக்கிறது. அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கு மட்டுமல்ல, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ, எது முந்துகிறதோ அப்போது ஆசிரியரே முதல்கட்டப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு விதிமுறை சொன்னது. தமிழ்நாட்டில் இதற்கென்றே ஆசிரியர்களுக்கு 'நலம் நாடி' என்ற செயலி உண்டு.

செயலி கேள்வி கேட்கும். பதில் சொல்லப் பழகிய கண் வேண்டும். ஆசிரியருக்குத் தேவையான பயிற்சி என்று நான் சொல்வது இந்தக் கண்ணைத்தான்.

வாசிப்பில் தடுமாறும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் எழுத்து சுலபமானது, பார்த்தபடி படித்துவிடலாம் என்று நாம் பெருமைப்படுகிறோம். அந்தப் பிள்ளையின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ 'க்' என்பதற்குப் பின்னால்தான் வருகிறது. 'கொ' என்றால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி. கடலில் வரும் 'க' வேறு, தங்கத்தில் வரும் 'க' வேறு, பகலில் வருவது இன்னொன்று. போதாக்குறைக்கு ல, ள, ழ. மற்ற பிள்ளைகள் இதையெல்லாம் போகிற போக்கில் பிடித்துக்கொள்வார்கள். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஒவ்வொன்றையும் பிரித்து, திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும்.

இப்படிப்பட்ட பிள்ளை ஆசிரியரை எளிதில் ஏமாற்றிவிடும், வேண்டுமென்றே அல்ல. கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக எழுதும். பாடத்தைக் காதால் கேட்டே மனப்பாடமாக ஒப்பிக்கும். அதே பாடத்தின் ஒரு சொல்லைத் தனியாக ஒரு தாளில் எழுதிக் காட்டினால் விழிக்கும். கதை கேட்டால் நுட்பமாகக் கேள்வி கேட்கும், அந்தக் கதையைப் படிக்கச் சொன்னால் வயிறு வலிக்கிறது என்று சொல்லும். 'வாய் இருக்கிறது, படிப்பில் அக்கறை இல்லை' என்று முத்திரை விழுவது இங்கேதான். இந்த முத்திரை ஒரு பிள்ளையின் பத்து வருடங்களைத் தின்றுவிடும்.

பயிற்சி பெற்ற ஆசிரியர் முதலில் பார்வையையும் செவியையும் சோதிக்கச் சொல்வார். அவை சரியாக இருந்தால் அடுத்த படிக்குப் போவார். எல்லார் முன்னாலும் எழுந்து படிக்கச் சொல்ல மாட்டார். வினாத்தாளை வாசித்துக் காட்டி, பதிலை வாயால் வாங்கிக்கொள்வார். சிறப்புப் பயிற்றுநருடன் உட்கார்ந்து அந்தப் பிள்ளைக்கான தனிநபர் கல்வித் திட்டத்தை எழுதுவார். 'வாசிப்பில் முன்னேற்றம் தேவை' என்று எழுதினால் அது திட்டம் இல்லை. 'மூன்று மாதத்தில் கொம்பு வரும் இரண்டெழுத்துச் சொற்களைத் தனியாகப் படிப்பாள்' என்று எழுதினால் அதைச் சரிபார்க்க முடியும். பொதுத்தேர்வுக் காலத்தில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்பில் அவசரமாக அலைவதைவிட எட்டு வயதில் தொடங்குவது எவ்வளவோ மேல்.

மண்டபத்தில் உட்காரவைத்து ஒருநாள் படக்காட்சி போட்டால் இந்தக் கண் வராது. சிறப்புப் பயிற்றுநர் வகுப்புக்குள்ளேயே வந்து, பாடம் நடக்கும்போது ஆசிரியரின் பக்கத்தில் நின்று செய்துகாட்ட வேண்டும். இப்போது அவர் வந்தால் பல இடங்களில் பிள்ளையைத் தனியே வெளியே கூட்டிப்போகிறார், ஆசிரியர் தன் பாடத்தைத் தொடர்கிறார். பிள்ளை திரும்பி வரும்போது பாடம் இரண்டு பக்கம் தாண்டியிருக்கிறது. வந்த உதவியும் பாதி வீணாகிறது.

பயிற்சி ஆசிரியர்களோடு நின்றுவிடவும் கூடாது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு மதியச் சோற்றை எப்படிக் குழைக்க வேண்டும், எந்த நிலையில் உட்காரவைத்து ஊட்டினால் புரையேறாது என்பது சத்துணவு ஊழியருக்குத் தெரிய வேண்டும். மணிச் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் ஆட்டிசப் பிள்ளையைத் துரத்திப் பிடிக்கக் கூடாது என்று வாட்ச்மேனுக்கும் வேன் ஓட்டுநருக்கும் தெரிய வேண்டும். காதொலிக் கருவி போட்ட பிள்ளைக்குப் பலகையைப் பார்த்தபடி பேசினால் வாயசைவு தெரியாது என்பது ஒரு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம். யாராவது சொல்ல வேண்டுமே!

உங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடம் பெற்றோருக்கானது. அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: சிறப்புப் பயிற்றுநர் எந்தெந்த நாள் வருகிறார், வகுப்புக்குள் வருகிறாரா, என் பிள்ளையின் திட்டம் எழுத்தில் இருக்கிறதா, அதில் வகுப்பாசிரியரின் கையெழுத்து இருக்கிறதா? உங்கள் பிள்ளைக்குத் தேவையில்லை என்றாலும் கேளுங்கள். கேட்கத் தயங்கி ஓர் அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.